பத்துமலையின் மறுபாதி: இருட்டுக் குகையும் அதன் வரலாறும்

மலேசியத் தமிழரின் சமய வாழ்விலும் பண்பாட்டு வாழ்விலும் பத்துமலை பெற்றுள்ள இடம் யாவரும் அறிந்ததே. தைப்பூசத்தன்று பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடும் அம்மலையைப் பற்றி நாளேடுகளிலும் விழா மலர்களிலும் வெளிவந்துள்ள கட்டுரைகள் மிகப் பல. எனினும் அவற்றுள் பெரும்பாலானவை 272 படிகளையும் ஏறிக் கோயிற்குகையை அடைந்து, அங்கேயே நின்றுவிடுகின்றன. ஏறத்தாழ இருநூறாவது படியளவில் இடப்புறமாக ஒரு வழி பிரிகின்றது. அது இருட்டுக் குகைக்குச் செல்லும் வழி. காவடி சுமந்து செல்வோரும் பால்குடம் ஏந்திச் செல்வோரும் அவ்வழியைக் கடந்தே மேலேறுகின்றனர். அதனுள் என்ன உளது என்று கேட்போர் சிலரே. அக்குகையைப் பற்றி ஆங்கிலத்தில் நூறாண்டுக்கும் மேலாக எழுதி வருகின்றனர். தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. நம் மக்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கொண்டாடி வரும் மலையின் ஒரு பாதி நமக்கே அயலாக இருப்பது பொருத்தமன்று. ஆகவே, அவ்விருட்டுக் குகை தோன்றிய விதம், அதனை மாந்தர் அறிந்து வந்த வரலாறு, அதனுள் வாழும் உயிர்கள், அவ்வுயிர்களுக்கும் கோலசிலாங்கூர்க் கடலோரத்துக்கும் உள்ள உறவு ஆகியவற்றை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

குழம்பு செய்த குகையும் நீர் செய்த குகையும்

குகைகள் யாவும் ஒரே வகையில் தோன்றியவை அல்ல. எரிமலை நாடுகளில் காணப்படும் குழாய்க் குகைகள் நெருப்பின் விளைவு. எரிமலையிலிருந்து வழிந்தோடும் குழம்பின் மேற்பரப்பு காற்றுப்பட்டு விரைவில் உறைந்து ஓடாகிவிடும். உள்ளே வெப்பம் தணியாத குழம்பு ஆற்றுநீர்போல் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். ஊற்று நின்றதும் உள்ளிருந்த குழம்பு வடிந்துபோக, வெறும் ஓடு மட்டும் நீண்ட குழாயாக எஞ்சும். கொரியாவின் ஜெஜூ தீவிலுள்ள மஞ்சாங் குகை ஏறத்தாழ 7.4 கிலோமீட்டர் நீளமுடையது. அத்தீவின் குழாய்க் குகைகள் 2007ஆம் ஆண்டில் உலக மரபுச் செல்வங்களுள் இடம்பெற்றன. ஹவாய்த் தீவின் கசுமுரா குகை 65 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கின்றது. தமிழர் குடியேறிய நாடுகளுள் மொரிசியசும் ரியூனியனும் எரிமலைத் தீவுகளே. அங்குள்ள குழாய்க் குகைகளில் அத்தீவுகளுக்கே உரிய உழவாரக் குருவிகள் கூடுகட்டி வாழ்கின்றன.

சிலாங்கூரில் அத்தகைய குகை எதுவும் இல்லை. கோலசிலாங்கூர் வட்டாரத்துக் கம்போங் குவாந்தானின் பெயரைக் கேட்போர்க்குப் பகாங் மாநிலத்துக் குவாந்தான் நகரம் நினைவுக்கு வரலாம். அந்நகரையொட்டிய பகுதியில் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட்டுப் பாறை உண்டு. கம்போங் குவாந்தானிலோ ஆற்று வண்டலும் சேறுமே உண்டு. பாறையைக் காண விரும்புவோர் அங்கிருந்து கிழக்கு நோக்கிப் பயணம் செய்து, தோட்டப்பகுதிகளைக் கடந்து, தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தை அடைதல் வேண்டும். அங்கே சமநிலத்திலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்பதே பத்துமலை.

இது சுண்ணாம்புக்கல் மலை. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இப்பகுதி ஆழம் குறைந்த கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் சுண்ணச் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிக் கல்லாயின. பின்னர் நிலத்தின் ஆழத்திலிருந்து கருங்கல் குழம்பு மேலெழுந்தபோது அதன் வெப்பத்தால் அக்கல் பளிங்குபோல் உருமாறியது. கோலாலம்பூர் நகரத்தின் அடியிலும் இக்கல்லே கிடக்கின்றது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களை முதலில் திட்டமிட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளிக் கட்ட நேர்ந்ததற்குக் காரணம், நிலத்தடியில் இச்சுண்ணாம்புக்கல் சீரற்றுப் பள்ளமும் பொந்துமாக இருந்ததேயாகும். ஈயம் விளைந்த வண்டலும் இக்கல்லின் மேல்தான் படிந்திருந்தது.

சுண்ணாம்புக்கல்லில் குகையைச் செய்வது மழைநீர். காற்றிலும் மட்கிய இலைகளிலும் உள்ள கரிவளியைக் கரைத்துக்கொண்டு மழைநீர் மெல்லிய அமிலமாகின்றது. அது கல்லின் வெடிப்புகளில் புகுந்து, கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து, முதலில் விரலளவும் பின்னர் ஆள் நுழையும் அளவும் வழி செய்கின்றது. கரைந்த சுண்ணம் வீணாவதில்லை. குகையின் கூரையிலிருந்து சொட்டும் நீர், தான் கொண்டுவந்த சுண்ணத்தில் ஒரு துகளைக் கூரையிலேயே விட்டுச் செல்கின்றது. அவ்வாறு மேலிருந்து ஆலம் விழுதுபோல் தொங்குபவை கல்விழுதுகள். சொட்டிய நீர் தரையில் விட்டுச்செல்லும் சுண்ணம் கீழிருந்து வளர்ந்து கல்முளையாகின்றது. இரண்டும் வளர்ந்து சேர்ந்துவிட்டால் தூணாகும். எரிமலைக் குழாய் சில நாட்களிலோ சில ஆண்டுகளிலோ உருவாகிவிடக்கூடும். சுண்ணாம்புக் குகைக்கு இலட்சக்கணக்கான ஆண்டுகள் தேவை. கைவிரலால் ஒடித்துவிடக்கூடிய ஒரு கல்விழுது, சோழர் கடாரம் கொண்ட காலத்திலிருந்து வளர்ந்து வந்ததாக இருக்கலாம்.

பெயரும் முதல் மக்களும்

‘பத்து’ என்பது மலாய்மொழியில் கல்லைக் குறிக்கும். மலையடிவாரத்தையொட்டி ஓடும் ஆறு சுங்கை பத்து. அதனைச் சார்ந்தே மலையும் பெயர் பெற்றது. தமிழ்ச்செவிக்கு அச்சொல் எண்ணுப்பெயராக ஒலிக்கவே, ஆறுபடை வீடுகளுக்குப் பின் இந்நாட்டு முருகன் மலைகளையும் சேர்த்து எண்ணி, இதனைப் பத்தாவது மலையாகக் கொள்ளும் வழக்கமும் மக்களிடையே எழுந்தது. சொல்லாராய்ச்சி இதனை ஏற்காது. ஆயினும் ஓர் அயல்நிலத்துப் பெயரைத் தம் மொழியின் பொருளுக்குள் கொண்டுவந்து, அந்நிலத்தையே தம்முடையதாக்கிக்கொண்ட மக்களின் மனப்போக்கை இவ்வழக்கம் நன்கு காட்டுகின்றது.

இம்மலையின் பழங்குடியினர் தெமுவான் மக்கள். வேட்டைக்குச் செல்லும் வழியில் குகை முகப்புகளை அவர்கள் தங்குமிடமாகப் பயன்படுத்தினர். 1860ஆம் ஆண்டளவில் சீனக் குடியேறிகள் குகைகளிலிருந்து வெளவால் எச்சத்தைத் தோண்டியெடுத்துத் தம் காய்கறித் தோட்டங்களுக்கு உரமாக இட்டனர். 1878ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் ஹார்னடே, குடியேற்ற ஆட்சி அலுவலர்களான டேலி, சையர்ஸ் ஆகியோருடன் இங்கு வந்தார். அவருடைய பயண நூல் 1885இல் வெளிவந்தது. அதன்பின் மலையின் பெயர் வெளியுலகில் பரவியது. இதனைப் பல நூல்கள் பத்துமலை ‘கண்டுபிடிக்கப்பட்ட’ ஆண்டு என்று எழுதுகின்றன. தெமுவான்களும் சீனரும் நன்கறிந்த ஒன்றை ஒருவர் வந்து கண்டுபிடித்தார் என்று எழுதுவது வரலாறாகாது. எழுத்தில் பதிவான ஆண்டு என்பதே சரியான கூற்றாகும்.

தம்புசாமி பிள்ளையும் கோயிற்குகையும்

சிங்கப்பூரில் 1850ஆம் ஆண்டு பிறந்த காயாரோகணம் தம்புசாமி பிள்ளை, சிலாங்கூரில் ஈயச் சுரங்க முதலாளியாகவும் தமிழர் தலைவராகவும் விளங்கியவர். 1873இல் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலை நிறுவியவர் அவரே. ரவாங் நகரில் லோக் இயூவுடன் சேர்ந்து நடத்திய சுரங்கத்தில் 1894ஆம் ஆண்டிலேயே மின்னாற்றலைப் பயன்படுத்தியதாகக் கூறப்படுகின்றது. குகையின் வாயில் வேல் வடிவில் தோன்றியதால் அங்கே முருகனை எழுந்தருளச் செய்ய எண்ணினார் என்பர். 1890-91இல் முருகன் திருவுருவம் நிறுவப்பட்டது. 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்படுகின்றது. 1920இல் மரப்படிகள் அமைந்தன. பின்னர் 1940ஐ ஒட்டி அவற்றின் இடத்தைக் கற்காரைப் படிகள் பெற்றன. 42.7 மீட்டர் உயரமுள்ள முருகன் சிலை 2006ஆம் ஆண்டு சனவரியில் திறப்புவிழாக் கண்டது. 2018இல் படிகள் பல வண்ணம் பூண்டன.

இவை பலரும் எழுதியவை, விரிக்க வேண்டுவதில்லை. நாம் இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தம்புசாமி பிள்ளை தேர்ந்தது மேற்குகையை. அதன் கூரை ஏறத்தாழ நூறு மீட்டர் உயரமானது. கூரையில் பெருந்துளைகள் உள்ளமையால் பகலொளி நேரே உள்ளே இறங்குகின்றது. ஒளி விழும் குகை கோயிலாயிற்று. ஒளி புகாத குகை வெளவால்களுக்கே விடப்பட்டது. இப்பங்கீட்டினால் இரண்டுமே பிழைத்தன எனலாம்.

வடசிலாங்கூர்த் தோட்டத்து மக்களுக்கும் பத்துமலைக்கும் உள்ள தொடர்பு நெடியது. ஜெரம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து மக்கள் தைப்பூசத்துக்குத் திரண்டு வந்தனர். ஆண்டு முழுதும் பிரட்டுக்களத்துக்கும் வெட்டுமரத்துக்கும் இடையே கழிந்த வாழ்வில், தோட்ட எல்லையைத் தாண்டி உறவினரைக் காணும் நாளும் அதுவாகவே இருந்தது.

ஆய்வாளர் வந்த வழி

இருட்டுக் குகையின் உயிர்களை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் எச்.என். ரிட்லி. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவின் பொறுப்பை ஏற்ற இவர், மரத்துக்குக் கேடு விளையாமல் இரப்பர்ப் பால் எடுக்கும் முறையை வகுத்து, மலாயாவில் இரப்பர்ப் பயிரிடுமாறு தோட்டக்காரர்களை ஓயாது வற்புறுத்தியவர். தமிழ்நாட்டிலிருந்து இலட்சக்கணக்கானோர் இங்கு வந்ததற்கு அடிப்படையான இரப்பர்ப் பெருக்கத்தில் இவருக்குப் பெரும்பங்குண்டு. அதே ரிட்லி 1899இல் சிலாங்கூர்க் குகைகளின் வெள்ளைப் பாம்பைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அப்பாம்பின் அறிவியற்பெயரில் இன்றும் ரிட்லியின் பெயர் நிலைத்துள்ளது. நம் முன்னோரின் வருகைக்கும் நம் மலையின் பாம்புக்கும் ஒரே மனிதரின் கைத்தொடர்பு இருப்பது வியப்பிற்குரியது.

1923இல் எச்.சி. ஆபிரகாம் என்பவர் இக்குகையின் கதவுச் சிலந்தியைப் புதிய இனமாக விவரித்தார். பத்துமலையின் பெயரையே அது தாங்கியுள்ளது: லிபிஸ்தியஸ் பத்துவென்சிஸ். 1967இல் எலியட் மெக்லூர், லிம் பூ லியாட், வின் ஆகிய மூவரும் இருட்டுக் குகையின் உயிரினங்களைத் தொகுத்து வெளியிட்ட ஆய்வு, தென்கிழக்காசியக் குகைகளைப் பற்றிய ஆய்வுகளுள் முன்னோடியானது. இவர்களுள் லிம் பூ லியாட் கிள்ளானில் பிறந்த மலேசிய விலங்கியலாளர். மருத்துவத்துறையிலும் ஒரு செய்தி உண்டு. வெளவால் எச்சம் மிகுந்த மண்ணில் வளரும் ஒருவகைப் பூஞ்சணம், மூச்சுடன் உட்சென்றால் நுரையீரல் நோய் தரவல்லது. பொன்னம்பலம் என்னும் ஆய்வாளர் அதனை நடு மலாயாவின் குகை மண்ணொன்றிலிருந்து பிரித்தெடுத்து 1963இல் வெளியிட்டார். உலர்ந்த எச்சத் தூசு பறக்கும் குகைக்குள் முகமூடியின்றி நுழைதல் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஆய்வாளர் மட்டுமே இம்மலைக்கு வந்தனர் என்பதற்கில்லை. சப்பானியர் ஆட்சிக்காலத்தில், 1942 செப்டம்பர் 1ஆம் நாள், மலையையொட்டிய சிற்றூர் ஒன்றில் கூடிய மலாயாப் பொதுவுடைமைக் கட்சித் தலைவர்களைச் சப்பானியப் படை சுற்றிவளைத்துப் பலரைக் கொன்றது. கூட்டத்தைக் காட்டிக்கொடுத்தவர் அக்கட்சியின் தலைவரான லாய் தெக்கே என்பது பின்னர்த் தெரியவந்தது.

இருளின் உள்ளே

இருட்டுக் குகையின் வழிகள் யாவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளும். வாயிலில் நிற்பவர்க்கு அது சாதாரணக் குகையாகவே தோன்றும். பாறையில் பாசியும் சிறு செடிகளும் படர்ந்திருக்கும். சில அடிகள் சென்றதும் பச்சை மறையும். மேலும் சென்று வழி வளைந்ததும் பின்னால் இருந்த ஒளியும் மறைந்துவிடும். அங்கே விளக்கை அணைத்தால் தம் கையையே தாம் காணமுடியாது. சிறிது நேரம் காத்திருந்தால் கண் பழகும் என்பது வெளியிருட்டுக்கே பொருந்தும். ஒளியே இல்லாத இடத்தில் கண் எவ்வளவு நேரமாயினும் பழகுவதில்லை.

ஒளியில்லாத இடத்தில் பச்சைத் தாவரம் இல்லை. தாவரம் இல்லாத இடத்தில் உணவு எங்கிருந்து வரும்? இவ்வினாவிற்கு விடை காலடியிலேயே கிடக்கின்றது. வெளவால்கள் இரவெல்லாம் வெளியே சென்று உண்டு, விடியுமுன் திரும்பி, பகலெல்லாம் கூரையில் தொங்குகின்றன. அவற்றின் எச்சம் கீழே விழுந்து குவிகின்றது. அதில் பூஞ்சணமும் நுண்ணுயிரும் வளர்கின்றன. அவற்றையும் எச்சத்தையும் கரப்பான்களும் அந்துப்பூச்சியின் புழுக்களும் சுவர்க்கோழி இனத்துப் பூச்சிகளும் உண்கின்றன. அப்பூச்சிகளை நெடுங்கால் பூரானும் சிலந்திகளும் பிடிக்கின்றன. கதிரவனின் ஆற்றல் வெளவாலின் வயிற்றில் ஏறிக் குகைக்குள் வருகின்றது என்று சொன்னால் மிகையாகாது. வெளவால் வராது போனால், ஒரு சில ஆண்டுகளில் இங்குள்ள உயிர்க்கூட்டம் பட்டினியால் அழிந்துவிடும்.

கதவுச் சிலந்தியைத் தேடுவோர் அண்ணாந்து பார்க்க வேண்டுவதில்லை. சுவரைக் கூர்ந்து நோக்க வேண்டும். அது பாறைச்சுவரில் பட்டிழையால் குழாய்போன்ற வீடு கட்டி, அதற்கு மண்ணும் இழையும் கலந்த கதவொன்றை அமைக்கின்றது. கதவின் விளிம்பிலிருந்து சில இழைகள் கதிர்போல் வெளியே நீள்கின்றன. நடந்து செல்லும் பூச்சியின் கால் ஓர் இழையில் இடறினால், உள்ளே காத்திருக்கும் சிலந்தி கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து இரையை இழுத்துக்கொள்கின்றது. அதன் வயிற்றுப்பகுதி வளையம் வளையமாகப் பிரிந்திருக்கும். இன்றுள்ள பிற சிலந்திகளில் இவ்வமைப்புத் தெளிவாக இல்லை. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவச் சிலந்திகளில் உண்டு. ஆகவே இதனை உயிருடன் உலவும் பழஞ்சுவடி என்றே கூறலாம்.

வெள்ளைப் பாம்பு எனப்பட்டது முழு வெண்மையன்று; மங்கிய மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறம். நஞ்சில்லாதது. பாறை விளிம்புகளில் ஏறி வெளவால்களைப் பிடித்துத் தின்பது அதன் இயல்பு. மக்களுக்கு அதனால் தீங்கில்லை.

குகையில் வாழும் வெளவால்கள் பல இனத்தவை. இலைமூக்கு வெளவால்கள் நம் செவிக்குக் கேளாத ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியால் இருளில் வழியறிந்து பூச்சிகளைப் பிடிக்கின்றன. குகைத் தேன்வெளவால் என்னும் இனம் வேறு. அதன் உணவு பூந்தேனும் மகரந்தமும். அதற்கு அவ்வாறு ஒலியெழுப்பும் திறன் இல்லையென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. கண்ணை நம்பிப் பறக்கும் உயிர் முழு இருளில் எங்ஙனம் தன் இடத்தை அடைகின்றது என்பது புதிராகவே இருந்தது. 2014இல் வெளிவந்த ஆய்வொன்று, இது தன் சிறகுகளால் சொடுக்குப்போன்ற ஒலியை எழுப்பி இருளில் ஓரளவு தடையறிகின்றது என்று காட்டியது.

குகையிலிருந்து கம்போங் குவாந்தான் வரை

இத்தேன்வெளவாலே நம் கட்டுரையின் மையம். 1970களில் பத்துமலை வெளவால்களின் உணவை ஏ.என். ஸ்டார்ட் என்பவர் ஆராய்ந்தார்; அவரது முனைவர் பட்ட ஆய்வேடு 1974ஆம் ஆண்டினது. வெளவாலின் எச்சத்திலும் மயிரிலும் ஒட்டியுள்ள மகரந்தத்தை நுண்ணோக்கியில் வைத்து நோக்கினால், அது எப்பூவிலிருந்து வந்தது என்று அறியலாம். அவ்வாறு நோக்கியபோது, மலையைச் சூழ்ந்த பழத்தோட்டங்களின் பூக்களோடு, கடலோரச் சதுப்புநிலத்து மரங்களின் மகரந்தமும் காணப்பட்டது. இவ்வெளவால்கள் உணவு தேடி 38 கிலோமீட்டர்வரை பறந்து சென்று, அதே இரவில் திரும்பி வருகின்றன என்பது அவ்வாய்வின் முடிவு.

அச்சதுப்புநில மரங்களுள் ஒன்று பெரெம்பாங். கம்போங் குவாந்தானைச் சுற்றுலாத் தலமாக்கிய மரமும் அதுவே. சிலாங்கூர் ஆற்றின் கரையில், இருள் சூழ்ந்ததும் பெரெம்பாங் இலைகளில் அமரும் மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைவதைக் காண வெளிநாட்டவரும் படகேறி வருகின்றனர். கரைச்சேற்றில் சிறு நத்தைகளைத் தின்று வளரும் இம்மின்மினிகளின் புழுக்களுக்குக் கரையோரப் புதர் இன்றியமையாதது. வளர்ந்த மின்மினிக்கோ பெரெம்பாங் மரம் துணை தேடும் மன்றம். மக்கள் மின்மினியைக் காணும் அதே வேளையில் மரத்தில் மற்றொன்றும் நிகழ்கின்றது. படகிலிருப்போர் அதனைக் காண்பதில்லை. பெரெம்பாங் பூ மாலையில் மலர்கின்றது. ஒரே இரவுதான் அதன் வாழ்வு. கொத்தான மகரந்தத் தாள்கள் தேன் நிரம்பிய கிண்ணத்தைச் சூழ்ந்து நிற்கும். வெளவாலோ பெரிய அந்துப்பூச்சியோ வந்து தேனருந்தும்போது, அதன் முகத்தில் மகரந்தம் அப்பிக்கொள்ள, அடுத்த மரத்துப் பூவுக்கு அது சென்று சேர்கின்றது. விடிவதற்குள் மகரந்தத் தாள்கள் உதிர்ந்து ஆற்றில் மிதக்கின்றன.

பத்துமலைக்கும் கம்போங் குவாந்தானுக்கும் நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். இவ்வெளவால் இனத்தின் ஓரிரவுப் பறப்பெல்லையோடு இதனை ஒப்பிட்டால், மலையும் கடலோரமும் தனித்தனி உலகங்கள் அல்ல என்பது விளங்கும்.

நடுவே கிடப்பது நம் மக்கள் உழைத்த நிலம். 1917இல் நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் உருவானது கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். உருவாக்கியவர் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கொன்னியே. தோட்டத்தின் பெயரே தமிழ். காடு இரப்பராயிற்று, இரப்பர் செம்பனையாயிற்று. இரண்டிலும் தேன்வெளவாலுக்கு உணவில்லை. தோட்டத்து லயன் வீடுகளின் பின்புறம் மக்கள் வளர்த்த வாழையும் முருங்கையும் இலவமும் டுரியானும் அதற்கு வழியிடைச் சோறாயின என்று கருத இடமுண்டு. வாழைப்பூவும் இலவம்பூவும் இவ்வெளவால் விரும்பியுண்பவை.

டுரியான் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் சுப்பத்மோ, இயோவ் என்பாருடன் சேர்ந்து 1976இல் வெளியிட்ட ஆய்வு, டுரியான் பூவில் மகரந்தம் சேர்ப்பதில் இத்தேன்வெளவாலின் பங்கை எடுத்துக்காட்டியது. தென் தாய்லாந்தில் பின்னர் நடைபெற்ற ஆய்வுகளும் இதனை உறுதிசெய்தன. டுரியான் பூ பிற்பகலில் விரிந்து இரவில் தேன் சுரக்கின்றது. பெரும்பாலான டுரியான் மரங்கள் தம் மகரந்தத்தால் தாமே நன்கு காய்ப்பதில்லை; மற்றொரு மரத்தின் மகரந்தம் தேவை. அதனைச் சுமந்து செல்வது வெளவால். ஆனால் டுரியான் ஆண்டில் சில வாரங்களே பூக்கும். எஞ்சிய மாதங்களில் வெளவாலுக்கு யார் சோறிடுவது? பெரெம்பாங் போன்ற கடலோர மரங்கள் ஆண்டின் பெரும்பகுதியிலும் விட்டுவிட்டுப் பூக்கின்றன. ஆகவே கடலோரச் சதுப்புநிலத்தை அழித்து நிரப்பினால், அதன் விளைவு மலையடிவார டுரியான் மரத்தில் தெரியும். குகையைக் கெடுத்தாலும் அவ்வாறே. பெத்தாய்க்கும் இது பொருந்தும். டுரியானையும் பெத்தாயையும் விரும்பியுண்ணும் நாம், வெளவாலைப் பழந்தின்னும் பகைவனாகவும் கெட்ட சகுனமாகவும் கருதி விரட்டுவது நன்றி மறந்த செயலன்றி வேறென்ன?

மலையைக் காத்தவை

தீபகற்ப மலேசியாவின் நிலப்பரப்பில் சுண்ணாம்புக்கல் மலைகள் ஏறத்தாழ 0.3 விழுக்காடே. ஆயினும் அவற்றின்மீது 1,216 வகைத் தாவரங்கள் வளர்வதாக எஸ்.சி. சின் 1977இல் வெளியிடத் தொடங்கிய ஆய்வுத்தொடரில் பதிவுசெய்துள்ளார். அதே மலைகள் சிமிட்டிக்கும் சாலைக்கல்லுக்கும் மூலப்பொருளாகவும் உள்ளன. பத்துமலையும் இதற்கு விலக்கன்று. பல்லாண்டுகள் மலையின் ஒருபுறம் வெடிவைத்துக் கல் உடைத்தனர். வெடியதிர்ச்சியால் குகைகளுக்குக் கேடு வருமென இயற்கைக் கழகத்தாரும் கோயிலைச் சார்ந்தோரும் குரலெழுப்பினர். 1980களில் கல்லுடைப்பு நின்றது. 2012ஆம் ஆண்டு மலையையொட்டி 29 மாடிக் குடியிருப்பு எழவிருந்தபோது மீண்டும் எதிர்ப்புக் கிளம்பியது. மாநில அரசு அப்பணியை நிறுத்திவைத்தது.

பேராக்கிலும் பிற இடங்களிலும் எத்தனையோ சுண்ணாம்பு மலைகள் பாதியாகவும் காலாகவும் குறைந்துவிட்டன. பத்துமலை இன்றும் நிமிர்ந்து நிற்பதற்குக் கோயில் ஒரு பெருங்காரணம் என்பது நம் கருத்து. இலட்சக்கணக்கானோர் வணங்கும் மலையை உடைக்க எந்த அரசும் தயங்கும். அதே வேளையில், கோயிற்குகையில் பெருகியுள்ள கற்காரைத் தளங்களும் இரவு விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் அக்குகையில் வாழ்ந்த உயிர்களுக்கு இடமில்லாமல் செய்துவிட்டன என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. இருட்டுக் குகையை மலேசிய இயற்கைக் கழகம் பல்லாண்டுகள் பேணி வந்தது. பின்னர் வழிகாட்டியுடன் சிறு குழுக்களாக உட்சென்று காணும் கல்விச் சுற்றுலாவும் நடைபெற்றது. 2019ஆம் ஆண்டில் குகை பொதுமக்களுக்கு மூடப்பட்டது. மூடியிருப்பது வெளவால்களுக்கு ஒருவகையில் நன்மையே. ஆனால் ஒருவரும் உட்சென்று காணாத குகைக்காகப் பின்னொரு நாள் பரிந்து பேசுவாரும் இலராவர்.

வடசிலாங்கூர்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதனைக் கற்பிக்கக் குகைக்குள் செல்ல வேண்டும் என்பதில்லை. பெரெம்பாங் பூக்கும் நாளில் விடியற்காலையில் மாணவரைச் சிலாங்கூர் ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று, நீரில் மிதக்கும் மகரந்தத் தாள்களைக் காட்டலாம். தைப்பூசத்துக்குப் பத்துமலை செல்லும் குடும்பங்கள், பொழுது சாயும் வேளையில் படிகளின் நடுவே சற்று ஒதுங்கி நின்று, இருட்டுக் குகையின் பக்கம் அண்ணாந்து பார்க்கலாம். மேளவொலிக்கு அஞ்சாது வெளவால்கள் வெளிவரும் நேரம் அது.